இடது பக்க சீட்

எனக்கு வேகம் என்றால் பயம். அதைச் சொல்லாமல்தான் அந்த ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்தேன்.

மாட்டுத்தாவணி தாண்டி மேலூர் ரோட்டில் இருந்தது அது. நாங்கள் விற்றது உயரமான, விலை அதிகமான, பந்தயக் கார் போலப் பாய்கிற வெளிநாட்டு எஸ்.யூ.வி. ஓட்டிப் பார்க்க வருகிறவர் வலது பக்கம் உட்காருவார். விற்கிறவர் இடது பக்கம் உட்கார வேண்டும். பாதிப் பேர் ஆக்சிலரேட்டரை ஒரு தடவை தரையோடு மிதித்துப் பார்க்கவே வருவார்கள். மிதிப்பார்கள். முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும், வயிறு மட்டும் பின்னால் எங்கோ தங்கிவிடும். "சூப்பர் சார்" என்று சிரிப்பேன். கோட்டுக்குள் வியர்வை ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு வருடத்தில் யாரும் அதைக் கண்டுபிடித்ததில்லை.

ஒருவர் கண்டுபிடித்தார். கே.கே. நகரில் கிளினிக் வைத்திருந்த பிரசவ டாக்டர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். பருத்திப் புடவை, ஆண்கள் கட்டுகிற பெரிய டயல் வாட்ச், தலையில் சாயம் கிடையாது. முதல் நாள் டெஸ்ட் டிரைவில் ஒத்தக்கடையைத் தாண்டியதும் நால்வழிச் சாலையில் மற்றவர்களைப் போலவே மிதித்தார். ஸ்பீடோமீட்டர் முள் ஏறிய வேகத்தில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. பிறகு பிரேக் போட்டு ஓரம் கட்டினார். என் பக்கம் திரும்பி, என் வலது கையை எடுத்து மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தார். வாட்சைப் பார்த்தார்.

"நூத்தி இருவது" என்றார். "ரொம்பப் பயந்துட்டியாத்தா?"

"இல்ல மேடம். பழக்கம்தான்."

"மேடம் வேணாம், டாக்டர்னு கூப்பிடு. வாய் இல்லங்குது, கை ஆமாங்குது. நான் கையைத்தான் நம்புவேன்."

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. வேலை போய்விடும் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கிண்டல் இல்லை. வெயில் எவ்வளவு என்று வெளியே கை நீட்டிப் பார்க்கிறவர் போல இருந்தார்.

அவருக்குப் பயம் என்பது கிடையாது. தைரியசாலி என்று சொல்லவரவில்லை. தைரியசாலிக்குப் பயம் வரும், அதை அடக்குவார். இவருக்கு வரவே வராது.

இதை நான் முதலில் புரிந்துகொண்டது எங்கள் ஷோரூம் வாசலில் வைத்து. சர்வீஸ் பக்கத்துக் கேட்டருகே குட்டி போட்ட நாய் ஒன்று படுத்திருந்தது. செக்யூரிட்டி அண்ணன்கூடச் சுற்றித்தான் போவார். டாக்டர் நேராக நடந்து போனார். நாய் பல்லைக் காட்டி உறுமியது. அவர் நடையை மாற்றவில்லை. நான் கத்தினேன். உடனே நின்றார். அப்படியே இரண்டு அடி பின்னால் வந்தார்.

"உர்ருனுச்சே, கேக்கலையா டாக்டர்?"

"கேட்டுச்சு. கோவமா இருக்குன்னும் தெரியும். ஒங்களுக்கெல்லாம் அந்த நேரத்துல கால் தானா பின்னால போகும்ல? எனக்கு அது போகாது." முழங்கைக்குக் கீழே இருந்த பழைய தழும்பைக் காட்டினார். "பத்து வயசுல ஒரு நாய். பன்னெண்டு வயசுல தோட்டத்துக் கிணறு. தண்ணி எம்புட்டு இருக்குன்னு பாக்காமக் குதிச்சேன். முழங்கால் அளவுதான் இருந்துச்சு."

உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண் அவர். அந்தக் கிணற்றோடு அவரது இடது கால் அரை அங்குலம் குறைந்துவிட்டது. அதைச் சொல்லும்போதும், யாரோ நோயாளியின் கேஸ் ஷீட்டைப் படிப்பது போலத்தான் சொன்னார்.

"அதுக்கப்புறம் ஒண்ணு கத்துக்கிட்டேன். பயப்படத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் எப்பவும் பக்கத்துல இருக்கணும்."

அவர் ஓட்டி வந்தது பதினான்கு வருடப் பழசான ஒரு சின்ன கார். எங்களிடம் எக்ஸ்சேஞ்சுக்கு மதிப்புப் போட வந்தபோது பார்த்தேன். ஓட்டுநர் பக்கம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. இடது பக்கம் ஜன்னலுக்கு மேலே இருக்கிற கைப்பிடி மட்டும் பிய்ந்து, துணி டேப்பால் பலமுறை சுற்றி ஒட்டப்பட்டிருந்தது. அது அவர் கணவர் உட்கார்ந்த இடம். ஸ்கூல் வாத்தியாராக இருந்தவர். இதற்கு முன்பிருந்த வண்டியையும் சேர்த்து இருபத்தெட்டு வருடம் அந்தப் பக்கம் உட்கார்ந்து கைப்பிடியில் தொங்கிக்கொண்டு, "மெதுவா, மெதுவா, பஸ்ஸு வருது பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். முந்தைய வருடம் மஞ்சள் காமாலையில் போய்விட்டார்.

"அவரு இருந்த வரைக்கும் பெரிய வண்டி வாங்கவே விடல" என்றார் டாக்டர். "அதுல ஏறுனா செத்தே போயிருவேன்னு சொல்லுவாரு. எனக்கு ரொம்ப நாளா ஆசை. இப்ப தடுக்க ஆள் இல்ல."

இதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

அவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது இரண்டு வண்டிகளுக்கு நடுவில். ஒன்று எங்களுடையது, அடர்பச்சை. மற்றது எங்கள் போட்டிக் கம்பெனியின் சாம்பல் நிற வண்டி. காகிதத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. விலை, சக்தி, நூறைத் தொடுகிற வேகம் எல்லாம் மயிரிழை வித்தியாசம்தான். எங்கள் வண்டி உறுமும், ரோட்டில் இருக்கிற கல்லையெல்லாம் முதுகுக்குச் சொல்லும். அவர்கள் வண்டி சத்தமில்லாமல் போகும், மெத்தையில் படுத்த மாதிரி இருக்கும். வாங்க வருகிறவர்கள் இதற்காக வாரக்கணக்கில் இன்டர்நெட்டில் படித்து, வீடியோ பார்த்து, நண்பர்களோடு சண்டை போடுவார்கள். டாக்டர் எதையும் படிக்கவில்லை.

"ஒனக்கு லீவு என்னைக்கு?" என்று கேட்டார்.

"செவ்வாக்கிழமை."

"அன்னைக்கு என்கூட அந்த ஷோரூமுக்கு வா. அந்த வண்டியிலயும் நீ பக்கத்துல உக்காரணும். ரெண்டுல எதுல நீ கொறைச்சலாப் பயப்படுறியோ, அதை வாங்கிக்கிறேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அப்படித்தான் போட்டிக் கம்பெனி ஷோரூமுக்கு நான் டாக்டரின் தங்கச்சி மகளாகப் போனேன். அங்கே வேலை பார்த்த பையனுக்கு என்னை நன்றாகத் தெரியும். இரண்டு பேரும் தெரியாத மாதிரியே இருந்தோம். அவன் பின் சீட்டில் உட்கார்ந்தான், நான் இடது பக்கம். வண்டி பாய்ந்தது தெரியவே இல்லை. வெளியே யானைமலை பின்னால் நழுவுவதைப் பார்த்துத்தான் வேகம் புரிந்தது. ஓரம் கட்டியதும் டாக்டர் என் கையைப் பிடித்தார். பின் சீட்டுப் பையன் ஒன்றும் புரியாமல் எட்டிப் பார்த்தான்.

"தொண்ணூத்தி எட்டு" என்றார். எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஒங்க வண்டிதான் தோக்குது" என்றார்.

அந்தக் காலாண்டில் நான் ஒரு வண்டிகூட விற்றிருக்கவில்லை. மறுநாள் மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு டிரைவ் கேளு. இந்தத் தடவை பயப்படாத."

"பயம் தானா வருதுண்ணே."

"வரட்டும். மூஞ்சில காட்டாத. மூச்சை நல்லா இழுத்து, மெதுவா விடு. கத்தாத, கைப்பிடியைப் பிடிக்காத. சிரிச்சுக்கிட்டே உக்காரு. அம்புட்டுத்தான். இதுகூடச் செய்ய முடியலன்னா நீ ஏன் இந்த வேலையில இருக்க?"

அன்றைக்கு டாக்டரை அழைக்க நானே கிளினிக்குக்குப் போனேன். அவர் பிரசவ அறையில் இருந்தார். வெளியே இருந்த நர்ஸ் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். ஒல்லியாக, எதற்கெடுத்தாலும் நெஞ்சில் கை வைக்கிற பெண்.

"பதினேழு வருசமா இருக்கேன்" என்றார் அவர். "இன்டர்வியூவுக்கு நாலு பேரு வந்தோம். மத்த மூணு பேரும் என்னைவிட நல்லாப் படிச்சவங்க. நான் பதில் சொல்லும்போது கை நடுங்கி டம்ளரைக் கீழ போட்டுட்டேன். என்னைத்தான் எடுத்தாங்க."

"ஏங்க்கா?"

"ஒரு தடவை ஆபரேசன்ல ரத்தம் நிக்கல. நாங்க எல்லாரும் வெலவெலத்துப் போனோம். டாக்டரு கை இம்புட்டுக்கூட ஆடல. அதனாலதான் அந்தப் பொண்ணு பொழைச்சுச்சு. ஆனா, போதும்னு எப்ப நிறுத்துறது, பெரிய ஆஸ்பத்திரிக்கு எப்ப அனுப்புறது, அது அவங்களுக்குத் தெரியாது. என் மொகத்தைப் பாப்பாங்க. நான் பயந்தா ஆம்புலன்ஸுக்குச் சொல்லிருவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு இந்த வேலை வேணாம்னு பல தடவை நெனைச்சிருக்கேன். என் மொகம் தப்பாக் காட்டிருச்சுன்னா?" என்றார்.

அதைக் கேட்டும் நான் எழுந்து போகவில்லை. டாக்டர் வெளியே வந்ததும், "இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க டாக்டர். அன்னைக்கு எனக்கு ஒடம்பு சரியில்ல" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ரோடு காலியாக இருந்தது. ஒத்தக்கடையைத் தாண்டினோம். நான் மூச்சை இழுத்து, எண்ணி, மெதுவாக விட்டுக்கொண்டிருந்தேன். கைகளை மடியில் கோத்து வைத்திருந்தேன். உதட்டில் சிரிப்பை வைத்து அப்படியே பிடித்திருந்தேன். டாக்டர் மிதித்தார். நூறு, நூற்று இருபது. அவர் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். அது அவருடைய பழக்கம், இருபத்தெட்டு வருடப் பழக்கம். ரோட்டைப் பார்ப்பார், இடது பக்கம் பார்ப்பார், மறுபடி ரோட்டைப் பார்ப்பார். நான் சிரித்தேன். அவர் இன்னும் மிதித்தார். நூற்று நாற்பது. மறுபடி பார்த்தார். சிரித்தேன்.

அப்போதுதான் நடுத் தடுப்பில் இருந்த இடைவெளியில் ஒரு மொபெட் தலை நீட்டியது. ஒரு ஆள் ஓட்ட, பின்னால் ஒரு பெண். நடுவில் பெரிய புல்லுக்கட்டு. அவர்கள் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. ரோட்டைக் கடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் பார்த்துவிட்டேன். டாக்டர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வாய் திறக்கவில்லை. அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து எடுக்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் புடவை நிறம் தெரிந்தது. மிட்டாய் ரோஸ். மொபெட்டின் பின் சக்கரம் கொஞ்சம் காற்றிறங்கி நசுங்கி ஓடுவதுகூடத் தெரிந்தது. இவ்வளவையும் பார்க்க நேரம் இருந்தது, ஒரு சொல் சொல்ல முடியவில்லை.

டாக்டர் திரும்பினார். பிரேக்கை மிதித்தார். பெல்ட் என் நெஞ்சை அறுத்தது. வண்டியின் மூக்கு கீழே போனது, ரப்பர் கருகும் வாடை வந்தது, எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு நின்றது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புல் சிதறிக் கிடந்தது. மொபெட் படுத்திருந்தது. வண்டி அதன்மேல் படவில்லை, ஒரு முழ தூரத்தில் நின்றிருந்தது. பயத்தில் அவர்களாகவே விழுந்திருந்தார்கள். அந்த ஆளுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அந்தப் பெண் ரோட்டில் உட்கார்ந்தபடி, "யாத்தே, யாத்தே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் இறங்கி அவர்கள் பக்கத்தில் தார் ரோட்டிலேயே உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலால் காயத்தைக் கழுவினார், கழுத்தை, தோளை, விலாவைத் தொட்டுப் பார்த்தார். "தப்பு என் மேலதான்" என்று தெளிவாகச் சொன்னார். டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் ஓடி வந்து சத்தம் போட்டார்கள். அவர் எல்லாருக்கும் தலையாட்டினார். அந்தப் பெண்தான் திடீரென்று அழுகையை நிறுத்தினாள். டாக்டரின் கையையே பார்த்தாள்.

"ஒனக்குக் கை நடுங்கவே இல்லையே தாயி" என்றாள். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

எல்லாம் அடங்கி, அவர்கள் எழுந்து போன பிறகு, டாக்டர் வந்து வண்டியில் ஏறினார். என் கையை எடுத்தார். எண்ணினார். எவ்வளவு என்று சொல்லவில்லை.

"எனக்கு முன்னாடியே பாத்துட்ட."

நான் தலையாட்டினேன்.

"ஏன் சொல்லல?"

சொன்னேன். மேனேஜர் சொன்னது, மூச்சுப் பயிற்சி, சிரிப்பு, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முன்னால் இருந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவரு ஒரு நாள்கூட மறைச்சதில்ல" என்றார் கடைசியில். "எனக்கு அது எரிச்சலா இருக்கும். சும்மா இருங்கன்னு கத்துவேன்."

திரும்பி வரும்போது ஒரு டிராக்டருக்குப் பின்னால் கடைசி வரை ஒட்டியே வந்தார். முந்தவில்லை. அந்த மெதுவான வேகம் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வேலை போனது என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் அவர் வந்து எங்கள் வண்டியை புக் பண்ணினார். மேனேஜர் ஸ்வீட் வாங்கி எல்லா மேசைக்கும் கொடுத்தார். நான் டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "வேணாம் டாக்டர். என்னாலதான் இதை எடுக்கிறீங்க. நான் பொய் சொன்னேன்."

"நீ பொய் சொன்ன. பிரேக் பொய் சொல்லல. நின்னுச்சு. அந்தச் சாம்பல் வண்டி நின்னிருக்குமான்னு எனக்குத் தெரியாது."

டெலிவரி அன்று வண்டியைத் துணி போட்டு மூடி, பூங்கொத்துக் கொடுத்து, படம் எடுத்தோம். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். டாக்டர் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். "கே.கே. நகர் வரைக்கும் கூட வா. இந்தத் தடவை வாயைத் தொறந்து சொல்லு."

மேனேஜர் என் முதுகில் லேசாகத் தட்டினார். நான் கதவுவரை போனேன். ஏற முடியவில்லை. கால் தரையை விட்டு எழும்பவே இல்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விடு, விடு. கால் சொல்றதைக் கேளு" என்றார் டாக்டர். தனியாகவே போனார். அடர்பச்சை வண்டி இண்டிகேட்டர் போட்டு, பஸ்களுக்கு நடுவே இறங்கி மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். எலுமிச்சை நசுங்கிய வாசனை வாசலில் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பெரிய பயம் பிடித்தது. காலையில் பேப்பர் வந்ததும் மதுரைச் செய்திப் பக்கத்தில் விபத்தைத் தேடுவேன். மாட்டுத்தாவணிப் பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் பேசிக்கொண்டிருக்கிற வார்த்தை நின்றுவிடும். இரண்டாவது மாதம் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு இழுவை வண்டியில் ஒரு கார் வந்தது. மேலே தார்ப்பாய். காற்றில் ஓரம் தூக்கியபோது அடர்பச்சை தெரிந்தது. நான் வாடிக்கையாளரை விட்டுவிட்டு ஓடினேன். மெக்கானிக் அண்ணன் தார்ப்பாயை இழுத்தார். முன்பக்கம் முழுதும் உள்ளே போயிருந்தது. நம்பர் பிளேட் வேறு. திண்டுக்கல்காரருடையது. அவருக்குக் கால் முறிவோடு போயிற்று என்று யாரோ சொன்னார்கள். நான் ஆயில் படிந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வருட சர்வீஸுக்கு டாக்டரின் வண்டியை ஒரு டிரைவர் கொண்டு வந்தார். மீட்டரைப் பார்த்தேன். மூன்று நாலு தடவை சென்னை போய் வந்தால் எவ்வளவு ஓடுமோ அதில் பாதிகூட ஓடவில்லை. புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கிற ரப்பர் முடி அப்படியே இருந்தது.

"டாக்டரு ஓட்டுறதில்லையாண்ணே?"

"முதல் நாள் இங்கேர்ந்து ஓட்டிட்டு வந்தாங்கள்ல, அதோட சரி. வெளிய போகணும்னா என்னையக் கூப்பிடுவாங்க, பின்னாடி உக்காந்துக்கிருவாங்க." அவர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆனா ஞாயித்துக்கிழமை காலையில போர்ட்டிகோவுல வண்டியைப் போட்டு, ஸ்டீயரிங்ல உக்காந்து, இஞ்சினை மட்டும் ஓட விட்டுக்கிட்டு இருப்பாங்க. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். யாரும் கிட்ட போறதில்ல. எந்த நேரம் கியரைப் போட்டுருவாங்களோன்னு எங்களுக்குக் கெதக்குங்கும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை என் ஸ்கூட்டியில் கே.கே. நகர் போனேன். தெருமுனையிலேயே அந்த உறுமல் கேட்டது. கேட் திறந்து கிடந்தது. வண்டி தெருவைப் பார்த்து நின்றிருந்தது. உள்ளே டாக்டர், வீட்டில் கட்டுகிற புடவையோடு, இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்து உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாரோ. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. குனிந்து, எட்டி, இடது பக்கக் கதவை உள்ளிருந்தே திறந்துவிட்டார்.

"வந்துட்டியா? ஏறு. அண்ணா நகர் வரைக்கும் போயிட்டு வரலாம். இல்ல, ஒத்தக்கடைக்கே போவோம்."

திறந்த கதவைப் பிடித்தேன். அவர் ஆக்சிலரேட்டரில் கால் வைத்தார். இஞ்சின் ஏறி இறங்கியது. அந்த அதிர்வு கதவு வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது. என் உதடு தானாகச் சிரிக்க ஆரம்பித்ததை உணர்ந்தேன். அந்தச் சிரிப்பை நிறுத்த எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எனக்குப் பயமா இருக்கு டாக்டர்" என்றேன். யாரிடமும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. குரல் அசிங்கமாக உடைந்தது.

அவர் என் கையைப் பிடிக்க வரவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்தார்.

"எம்புட்டு?"

"ரொம்ப."

அவர் பட்டனை அழுத்தி இஞ்சினை நிறுத்தினார். தெரு அமைதியானது.